ஷாகிரை மட்டும் விட்டார்கள்

மினிபஸ் வாசலில் வந்து நின்றபோதே விதாத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். வெளிநாட்டுக்காரர்கள் அவள் வீட்டுக்கு வருவது புதிதல்ல. ஐன் ரும்மான் என்ற அந்தப் பாலஸ்தீன ஊரின் பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் என்பதால், அமெரிக்காவிலிருந்து கார்லா என்ற ஓய்வுபெற்ற பாதிரியாரம்மா கூட்டிவரும் குழுக்கள் அவளைத் தேடி வருவதுண்டு. சில நாள் இஸ்ரேலியர் வீடுகளில் உட்கார்ந்து அவர்கள் பட்டதைக் கேட்பார்கள், சில நாள் பாலஸ்தீனர் வீடுகளில். வாதாடக் கூடாது, காது கொடுக்க மட்டும் வேண்டும், கடைசியில் இரண்டு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. அந்தக் கடைசிக் காரியம் இதுவரை பெத்லகேமில், யாருக்கும் தெரியாத ஒரு விடுதி அறையில்தான் நடந்துவந்தது. இந்த முறை முதன்முதலாக ஒரு இஸ்ரேலியப் பெண் குழுவோடு விதாத்தின் வீட்டுக்கே வந்திருந்தாள்.

அவள் பெயர் திர்ஸா. பீர்ஷேபாவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இஸ்ரேலியர் உள்ளே நுழைவது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து என்று ஊர் எல்லையில் அவளுடைய அரசாங்கம் நட்டுவைத்திருந்த சிவப்புப் பலகையைத் தாண்டித்தான் வந்திருந்தாள். அவளுடைய தாய் பாக்தாதில் பிறந்தவள். ஆகையால் திர்ஸாவுக்கு அரபு வரும், ஈராக்கிய இழுவையோடு. யாராவது கேட்டால் பாக்தாத்காரி என்று சொல்லிவிடலாம் என்று கார்லா சிரித்தாள். விதாத் சிரிக்கவில்லை. வாசல் கதவைச் சாத்தலாமா, சாத்தினால் அதுவே சந்தேகத்தைக் கிளப்புமா என்று யோசித்து, கடைசியில் பாதி சாத்தி வைத்தாள்.

பெற்றோர் போனபின் கீழ்வீடு விதாத்துடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் அவள் தம்பி ஷாகிரும் அவன் மனைவி லமீஸும். லமீஸுக்கு மாதம் நெருங்கியிருந்தது. டைல்ஸ் பதிக்கும் வேலை ஷாகிருக்கு. அன்று வேலை இல்லாமல் வீட்டில் இருந்தான். அவனிடம் விதாத் வெளிநாட்டு விருந்தாளிகள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

சாப்பாட்டுத் தட்டுகள் நடுவில் இருந்தபோது அவன் தண்ணீர்க் குடம் எடுக்க இறங்கி வந்தான். எல்லோருக்கும் சலாம் சொன்னான். திர்ஸா பதில் சொன்னாள். அவள் சொன்ன ஒற்றைச் சொல்லில் அவன் முகம் மாறியது. இஸ்ரேலில் பத்து வருஷம் வேலை பார்த்தவன் அவன். அங்கே இதே இழுவையில் அரபு பேசும் கிழவிகளின் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறான். அக்காவைச் சமையலறைக்குள் வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினான்.

"அக்கா, அந்தப் பொம்பள அங்கேர்ந்து வந்தவதானே?"

"மெதுவாப் பேசு."

"நான் மெதுவாத்தான் பேசுறேன். தெருவு மெதுவாப் பேசாது. நாளைக்கு ஒருத்தன் நம்ம வீட்டுச் சுவத்துல எழுதிட்டுப் போவான், அதைத் தொடச்சுட்டு நிக்கறது நீயா நானா?"

"சாப்பிட வந்தவங்கடா. சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க."

"போகட்டும். சீக்கிரம் போகட்டும்." குடத்தை மறந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

விதாத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். திர்ஸா தன் அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் குண்டுவெடிப்பில் போனவன். அடுத்து விதாத் தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய முறை. சோதனைச்சாவடியில் நிறுத்திவைத்த ஆம்புலன்ஸுக்குள்ளேயே உயிர் போனவர். பல தடவை சொன்ன கதைதான். ஆனால் காது முழுக்கத் தெருவில் இருந்தது. அவள் எதைப் பயந்து கேட்டுக்கொண்டிருந்தாளோ அது வேறு திசையிலிருந்து வந்தது.

முதலில் ஜீப்புகளின் சத்தம். பிறகு ஓட்டம், கதவுகள் சாத்தப்படும் சத்தம். மேலே போகும் நெடுஞ்சாலையில் இஸ்ரேலியக் குடியேறிகளின் கார் மீது யாரோ கல் எறிந்திருக்கிறார்கள். எறிந்தவன் ஊருக்குள் இறங்கியதாக ராணுவம் சொன்னது. சாலையைப் பார்த்த வீடுகளிலிருந்து ஆண்களை ஒவ்வொருவராக வெளியே இழுத்தார்கள். விதாத்தின் வீடு சாலையைப் பார்த்த வீடு.

கதவை அவள் திறப்பதற்குள் அது உதைபட்டுத் திறந்தது. அறைக்குள் வெள்ளைக்காரர்களைப் பார்த்ததும் சிப்பாய்கள் ஒரு நொடி தயங்கினார்கள். கார்லா கடவுச்சீட்டை உயர்த்திக் காட்டினாள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு பேர் மாடி ஏறினார்கள். லமீஸ் அலறும் சத்தம் கேட்டது. ஷாகிரைப் பின்னங்கழுத்தைப் பிடித்து இறக்கி வந்தார்கள். கைகளைப் பின்னால் வளைத்து பிளாஸ்டிக் வாரால் இறுக்கினார்கள். ஒருவன் கண்ணைக் கட்டத் துணியை எடுத்தான்.

திர்ஸா எழுந்தாள். விதாத் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம். வாயத் திறக்காதீங்க. தெரிஞ்சா எங்களுக்குத்தான் வம்பு" என்று முணுமுணுத்தாள். திர்ஸா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கையை விடுவித்துக்கொண்டு எபிரேயத்தில் பேசினாள். சத்தமாக, வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.

"தம்பி, அவனை எங்க கொண்டுபோற?"

அதிகாரியாக இருந்த பையனுக்கு இருபத்திரண்டு இருக்கலாம். தன் மொழி அந்த வீட்டிலிருந்து வரும் என்று அவன் நினைத்திருக்கவே மாட்டான். துப்பாக்கிகூடச் சற்றுத் தாழ்ந்தது.

"நீங்க யாரு? இங்க என்ன பண்றீங்க? உங்களுக்குப் பைத்தியமா?"

"நான் மத்தியானத்துலேர்ந்து இங்க உக்காந்திருக்கேன். இவன் இந்த வீட்டை விட்டு வெளிய போகல. நான் சாட்சி. என் அடையாள அட்டை இந்தா. எந்தக் கோர்ட்லயும் வந்து சொல்லுவேன்."

அவன் அட்டையைப் பார்த்தான், கம்பியில்லாக் கருவியில் பேசினான், திர்ஸாவைத் திட்டினான். உங்களை யாராவது குத்திப் போட்டிருந்தால் எங்கள் ஆட்கள்தானே சாக வந்திருப்பார்கள் என்று கத்தினான். அதுவும் பொய்யில்லை. கடைசியில், ஓர் இஸ்ரேலியச் சாட்சியை வைத்துக்கொண்டு இவனை இழுத்துப்போவது வீண் தலைவலி என்று தோன்றியிருக்க வேண்டும். ஒரு சிப்பாய் கத்தியால் வாரை அறுத்தான். திர்ஸாவை ஜீப்பில் ஏற்றினார்கள். மினிபஸ்ஸைப் பின்னாலேயே வரச் சொன்னார்கள். ஏறும்போது அவள் விதாத்தைப் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்தாள்.

தெருவில் மற்ற ஆண்கள் கண்கட்டோடு வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். பேக்கரிக்காரர், பக்கத்துத் தெரு வாத்தியார், உம்மு ரஷாத்தின் மகன் ரஷாத், இன்னும் சிலர். அத்தனை பேரையும் லாரியில் ஏற்றினார்கள். ஷாகிர் மட்டும் தன் வீட்டு வாசலில், மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, நின்றிருந்தான். ஜன்னல்களிலிருந்து ஊர் அவனைப் பார்த்தது. அவன் உள்ளே போயிருக்கலாம். கால் நகராததுபோல் நின்றான். லாரி திரும்பிப் போன பிறகும் நின்றான்.

அன்று மாலையே பேச்சு கிளம்பிவிட்டது. எல்லோரையும் பிடித்துப்போனார்கள், ஷாகிரை மட்டும் கட்டவிழ்த்தார்கள். ஏன்? அவன் வீட்டில் ஒருத்தி எபிரேயம் பேசினாளாம், அதிகாரியையே 'தம்பி' என்றாளாம். ஷாபாக் என்ற இஸ்ரேலிய உளவுத்துறையின் ஆளாக இருக்கும். அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் யாராக இருப்பான்? உளவுத்துறைக்கு ஆள்காட்டி என்ற சொல்லை முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியாது. அந்த ஊரில் அந்தச் சொல் ஒருவன்மேல் ஒட்டிக்கொண்டால் அவன் உயிரோடு இருப்பதே மற்றவர்களுடைய பொறுமையைப் பொறுத்ததுதான்.

மறுநாள் காலை ஷாகிருடைய வேனின் முன்கண்ணாடி உடைந்து கிடந்தது. கடைக்காரர் லமீஸுக்கு ரொட்டி கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. ஷாகிர் பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தினான், பிறகு வீட்டை விட்டு இறங்குவதையே நிறுத்தினான். படியில் காலடி கேட்டால் எழுந்து லமீஸின் அறைக் கதவுக்கு முன்னால் போய் நிற்பான். விதாத் சாப்பாடு கொண்டுபோனபோது அவளை ஏறிட்டுப் பார்க்காமல் பேசினான்.

"அவ ஏன்க்கா வாயத் தொறந்தா? நான் கேட்டனா? உள்ள போட்டிருந்தா நாலு அடி வாங்கிட்டு வெளிய வந்திருப்பேன். தலை நிமிந்து வந்திருப்பேன்."

"அவ நல்லதுக்குத்தான்..."

"அவளுக்கு நல்லது. அவ வீட்டுல போய் நிம்மதியாத் தூங்குவா. எனக்குப் பொறக்கப் போற புள்ளைய ஊர் என்ன சொல்லிக் கூப்பிடும்னு யோசிச்சியா?"

விதாத் தட்டை வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். திர்ஸா தினமும் போன் செய்தாள். போலீஸ் அவளை விசாரித்து எச்சரித்து அனுப்பிவிட்டதாகக் கார்லா எழுதியிருந்தாள். அவள் எண் திரையில் தெரியும்போதெல்லாம் விதாத் போனைத் தலையணைக்கடியில் செருகினாள்.

சில நாளில் பிடித்துப்போனவர்களை விட்டுவிட்டார்கள், ரஷாத்தைத் தவிர. அடி வாங்கிய பேக்கரிக்காரருக்கு ஒரு காது கேட்கவில்லை. கல் எறிந்ததை ரஷாத் ஒப்புக்கொண்டதாக ராணுவம் சொன்னது. அவனைக் காட்டிக்கொடுத்தது யார் என்று ஊர் கேட்டது, பதிலையும் தானே வைத்திருந்தது. ரஷாத்தின் சித்தப்பா மகன்கள் சாயங்காலங்களில் விதாத்தின் வீட்டுக்கு எதிர்ச்சுவரில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். எதுவும் செய்யவில்லை, எதுவும் பேசவில்லை. சிகரெட் பிடித்துவிட்டுப் போனார்கள். லமீஸுக்கு இடுப்புவலி வந்தால் யாருடைய காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்பதே தெரியாத நிலை.

அப்போதுதான் விதாத் முடிவெடுத்தாள். உண்மையைச் சொன்னால் பழி தன்மேல் திரும்பும் என்று தெரியும். எதிரிகளைக் கூப்பிட்டு விருந்து வைத்தவளுக்குப் பள்ளியில் வேலை இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், பெண்கள் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்து, உம்மு ரஷாத்தின் வீட்டுக்குத் தனியாக நடந்தாள். சித்தப்பா மகன்களில் ஒருவன் வாசலில் நின்றான். அவள் வருவதைப் பார்த்தும் அவன் நகரவில்லை. அவனை உரசிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது.

யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். வந்தது இஸ்ரேலியப் பெண்தான். கூப்பிட்டது நான். இரண்டு பக்கத்துச் சனமும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று இதை நான் மூன்று வருஷமாகச் செய்கிறேன். ஷாகிருக்குத் தெரியாது, தெரிந்ததும் அவளை விரட்டச் சொன்னான். அவனை விடச் சொல்லி அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. குற்றம் என்றால் அது என்னுடையது.

"என்னைக் கேளுங்க. என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா" என்று முடித்தாள்.

உம்மு ரஷாத் பெரிய உடம்புக்காரி. மகன் போன நாளிலிருந்து தூங்காத கண். எழுந்து விதாத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், என் பொண்ணுக்கு நீ பாடம் எடுத்திருக்க. அதனால கேக்குறேன். அவ ஒருத்தனுக்காகப் பேசினாளே, என் மகன் அதே தெருவுலதானே மண்டி போட்டிருந்தான். அவனையும் கேட்டிருக்கலாம்ல?"

விதாத்துக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள்.

"அப்ப அவளை இங்க வரச்சொல்லு. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும்."

வாசலில் நின்றவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ சும்மா இரு. இது என் மகன் விஷயம்" என்று உம்மு ரஷாத் அவனை அடக்கினாள். பிறகு அங்கிருந்த பெண்களுக்குக் கேட்கும்படி, ஷாகிர் சுத்தமானவன், அவன் வீட்டெதிரே இனி யாரும் உட்காரக் கூடாது என்றாள்.

திர்ஸாவை வரச்சொல்வது அவளைப் பலியிடுவதா என்று விதாத் அன்றிரவு முழுக்கப் புரண்டாள். காலையில் அவளைப் போனில் கூப்பிட்டபோது எதையும் மறைக்கவில்லை. இங்கே கோபக்கார இளைஞர்கள் இருக்கிறார்கள், என்னால் எதற்கும் பொறுப்பேற்க முடியாது என்றாள். வருகிறேன் என்றாள் திர்ஸா.

கார்லாவோடு வந்தாள். தெருவில் நடந்தபோது கதவுகளெல்லாம் திறந்திருந்தன, ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. விதாத் அவளுக்குப் பின்னால் ஒட்டியே நடந்தாள், முதுகில் எது வந்து விழுந்தாலும் முதலில் தன்மேல் விழட்டும் என்று. உம்மு ரஷாத் காபி வைக்கவில்லை. கேள்வியை நேரடியாகக் கேட்டாள். திர்ஸா தன் பாக்தாத் அரபில் பதில் சொன்னாள்.

"எனக்கு அவனை மட்டுந்தான் தெரியும். வெளிய வரிசையா இருந்தவங்களப் பாத்தேன். பாத்தும் கேக்கல. எனக்குக் காலெல்லாம் நடுங்கிச்சு. ஒருத்தனுக்காகப் பேசறதுக்குத்தான் தைரியம் இருந்துச்சு. அதுவும் அதோட தீர்ந்துபோச்சு."

உம்மு ரஷாத் அழவில்லை. "என் மகன் பேரு ரஷாத். பத்தொம்பது வயசு. கார் மெக்கானிக். இப்பத் தெரிஞ்சுக்கிட்டல்ல?" என்றாள். தெரிந்துகொண்டேன் என்றாள் திர்ஸா.

அதன்பிறகு ராணுவ நீதிமன்றத்தில் ரஷாத்தின் வழக்கு வந்த நாளெல்லாம் திர்ஸா போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். உம்மு ரஷாத்துக்கு அங்கே போக அனுமதிச் சீட்டு கிடைக்காத நாட்களில் அவளுக்குப் போன் செய்து, பையன் மெலிந்திருக்கிறான், ஆனால் நடை நன்றாக இருக்கிறது என்பதுபோல் தான் பார்த்ததைச் சொன்னாள். அதனால் தண்டனை குறையவில்லை. ரஷாத் ஒன்பது மாதம் உள்ளே இருந்துவிட்டுத்தான் வந்தான்.

அதற்குள் லமீஸுக்குப் பெண் பிறந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பேக்கரிக்காரர்தான் கார் எடுத்தார். ஷாகிர் வேலைக்குப் போக ஆரம்பித்தான், ஆனால் வெளியூரில், ஹெப்ரோனில். ஊரில் அவனை வேலைக்குக் கூப்பிட்டவர்கள் குறைவு. வேன் கண்ணாடியை உடைத்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அக்காவோடு குழந்தையைப் பற்றிப் பேசுவான், வேறு எதுவும் பேசமாட்டான். விதாத்தின் வேலை போகவில்லை, ஆனால் மூன்று பெண்பிள்ளைகளை வீட்டார் அவள் வகுப்பிலிருந்து மாற்றினார்கள்.

அடுத்த வசந்தத்தில், குழுவோடு வரலாமா என்று கேட்டுக் கார்லா மறுபடி எழுதினாள். ஊருக்குள் வேண்டாம், பெத்லகேமிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று விதாத் பதில் எழுத உட்கார்ந்திருந்தபோது உம்மு ரஷாத் சொல்லியனுப்பினாள், அவர்கள் தன் வீட்டுக்கு வரட்டும், இஸ்ரேலிலிருந்து வரும் தாய்மார்கள் இருந்தால் அவர்களும் வரட்டும் என்று. வேண்டாம் என்று சொல்ல நூறு காரணம் இருந்தது. அவள் சரி என்றாள்.

மினிபஸ் வரும் நாளில் தெருமுனைக்குப் போய் நின்றாள். சற்று நேரத்தில் ஷாகிர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, அவளிடமிருந்து பத்தடி தள்ளி, சுவரில் சாய்ந்து நின்றான்.

"நான் உள்ள வரமாட்டேன். சும்மா நிக்கறேன்" என்றான்.

"பயமா இருக்குடா" என்றாள் விதாத்.

"தெரியுது" என்றான் அவன். நெடுஞ்சாலையிலிருந்து ஏதோ ஒரு வண்டி இறங்கி வரும் சத்தம் கேட்டது. மினிபஸ்ஸா ஜீப்பா என்று தெரியாமல் இருவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.