சாக்கடை வைத்தியம்

விடியற்குளிரில் தியோபிலோ சுண்ணாம்புத் தொட்டிக்குள் கொக்கியை விட்டு இழுத்தான். ஊறிப் பருத்த மாட்டுத்தோல் தொளதொளவென்று மேலே வந்தது. மயிர் கொத்துக் கொத்தாய் வழிந்தது. லெயோன் நகரத்துத் தோல் ஷாப்புகளில் இந்த வேலைக்கு எப்போதும் ஒற்றை ஆள்தான். நாற்றத்தைப் பங்குபோட யார் வருவார்கள்? முன்பெல்லாம் தோல் பதனிடும் டிரம்கள் சுழலும் கொட்டகையிலிருந்து யாராவது ஒரு கெட்ட வார்த்தையாவது வீசுவார்கள். இந்த வாரம் அதுவும் இல்லை.

காரணம் டிரம்காரன் நிக்கானோரின் கை. டிரம்மில் உப்பைக் கொட்டிவிட்டு அமிலம் ஊற்றும்போது கேன் நழுவி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நனைந்துவிட்டது. குழாய்க்கு ஓடினான். குழாய் வறட்டுச் சீறல் சீறியது. அலறல் கேட்டு ஓடிவந்த தியோபிலோ இரண்டு கையிலும் சுண்ணாம்பை அள்ளி அப்பினான். மாலையில் அமிலத்தண்ணீர் ஓடும் சாக்கடைக்கு அவன் தினமும் செய்யும் வைத்தியம் அது. அமிலமும் சுண்ணாம்பும் கட்டிப் புரண்டு உப்பும் தண்ணீருமாய் அடங்கிவிடும் என்பது ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்த சரக்கு. அடங்குமுன் அவை கிளப்பும் சூடு சாக்கடைக்கு உறைப்பதில்லை. மனிதனுக்கு உறைத்தது. வெறும் தண்ணீரை நிறைய ஊற்றியிருந்தால் இவ்வளவு வெந்திருக்காது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

நிக்கானோரை வேகவைத்தவன் தியோபிலோதான் என்று முதலாளி தொன் எவாரிஸ்தோ ஆளாளுக்குச் சொல்லிவைத்தார். குழாயைப் பற்றி மூச்சு விடவில்லை.

இன்று அவரே தொட்டிப் பக்கம் வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு.

"லேபர் இன்ஸ்பெக்டர் வர்றாரு தியோ. தண்ணி வந்துச்சு, பதட்டத்துல நான்தான் சுண்ணாம்பைப் போட்டேன்னு சொல்லிடு. நாளையிலேர்ந்து உனக்கு குடோன் வேலை. காஞ்ச இடம். பேச நாலு பேரு இருப்பாங்க."

சரக்கின் ஓட்டை எங்கே என்று பார்த்து விலை சொல்லத் தெரிந்த மனுஷர். குடோனும் காய்ந்த தரையும் தியோபிலோவை அசைக்கவில்லை. அந்த நாலு பேர்தான் அசைத்தார்கள்.

"மெயின் வால்வை மூடச் சொன்னது நீங்கதானே முதலாளி?"

"தோல் கழுவுற நேரம் மட்டும் தொறந்தாப் போதும்னு சொன்னேன். மனுசனைக் கழுவவா ஷாப்பு நடத்துறேன்?"

தியோபிலோ கொக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டகைக்கு நடந்தான். பின்னாலேயே முதலாளி.

அங்கே டிரம் வேலைக்காரி எர்மீனியா ஒரு தோலின் ஓரத்தை வெட்டி, சுண்ணாம்பு இருந்தால் நிறம் காட்டும் சொட்டுமருந்தை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டின நடுவில் ரோஜா நிறம். உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. அவனைக் கண்டதும் எல்லோரும் வேலையில் மும்முரமானார்கள்.

"சுண்ணாம்பு அப்பினது நான்தான். தப்புதான்," என்றான் தியோபிலோ. "குழாயில தண்ணி வந்திருந்தா எனக்கு அங்க என்ன வேலை?"

எர்மீனியா கத்தியை வைத்தாள்.

"அன்னிக்கு நானும் குழாயைத் திருகிப் பார்த்தேன். சொட்டுக்கூட வரல. இத்தனை நாளு வாயை மூடிக்கிட்டு, இவனைத் தனியா விட்டுட்டேன்." முதலாளியிடம் திரும்பினாள். "தண்ணி எப்பவும் வரணும். அதுவரைக்கும் டிரம் சுத்தாது."

"தொட்டியில கிடக்கிற தோலு கூழாப் போயிடும்டி."

"கூழாகிறது உங்க சரக்கு. வெந்தது எங்க ஆளு."

ஒருவன் போய் சுவிட்சை அணைத்தான். டிரம்கள் முனகி நின்றன.

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். வரப்போகும் இன்ஸ்பெக்டர் இவர்கள் பேச்சைக் கேட்பாரா, முதலாளி வீட்டுக் காப்பியைக் குடிப்பாரா, யாருக்கும் தெரியாது. கூட நின்றாலும் தியோபிலோவைச் சுற்றி ஓர் ஆள் இடைவெளி இருந்தது. பழகிய இடைவெளி, சட்டென்று மூடாது.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டதில், கட்டுப்போட்ட கையோடு நிக்கானோர் தெருமுனையில் திரும்பினான். நேராக வந்து அந்த இடைவெளியில் நின்றான். உதட்டில் சிகரெட். நல்ல கையால் தீப்பெட்டியை நீட்டினான்.

"ஒத்தைக் கையால உரச முடியல. பத்த வை மாப்ளே. வைத்தியம் மட்டும் பண்ணிடாத."

தியோபிலோ வெடித்த விரல்களால் தீப்பெட்டியைத் திறந்தான். முதல் குச்சியைக் காற்று அணைத்தது. இரண்டாவதை உரசும்போது எர்மீனியா நெருங்கி வந்து நின்றாள். அவள் பின்னால் மற்றவர்கள் தோளோடு தோள் ஒட்டி, காற்று புகாமல் வளைந்து நின்றார்கள்.