நாலு விரற்கடை கீழே

கருங்கரடு சுடுதளத்தில் சோதிக்கப்படும் உள்நாட்டு ஸ்னைப்பர் துப்பாக்கியின் குண்டு, சுடுகிறவர் மனத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் போய்ச் சேரும். வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு இந்தப் பக்கம் யாரையும் தெரியாது. அதனால் அதன் குண்டு காட்டிய இடத்துக்கு நேராகப் போய்விடும். இரண்டையும் தூக்கிப் பார்த்து, சுட்டுப் பார்த்து, எதை ராணுவம் வாங்கலாம் என்று சொல்வது குணசுந்தரியின் வேலை.

குணசுந்தரி அரசாங்க மதிப்பீட்டாளர். நாற்பதைத் தாண்டியவள். சுடுதளத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் ஒரு கொய்யா மரத்தோடு தனியாக இருந்தாள். துப்பாக்கியைத் தோளில் வைத்தால் அவள் மூச்சுகூட வெளியே தெரியாது என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

சோதனையில் சுடுவதற்கென்று ராணுவம் அனுப்பி வைத்தவர் ஹவில்தார் சூசைமாணிக்கம். பதக்கங்கள் வாங்கிய கை. வந்த முதல் வாரம் அவர் சுட்ட குண்டுகள் எல்லாமே தேவகோட்டைக்குப் போய்விட்டன. அங்கே அவர் மனைவி பிலோமினா இருந்தாள்.

வீட்டுக்கு வருகிற குண்டு வேகமாக வருவதில்லை. ஊர் எல்லையிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தெருவில் நாய் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு வரும். வாசலில் நின்று கதவை ஒருமுறை தட்டும். பிலோமினா அதைக் கையில் வாங்கி, ஈரத்துணியால் துடைத்து, ஜன்னல் விளிம்பில் வைப்பாள். வார முடிவில் அவள் கணவனுக்குப் போன் செய்தாள்.

“காலையில நினைக்காதீங்க. நான் பள்ளிக்கூடத்துக்குப் போயிடறேன். அது பாவம் வெயில்ல வாசல்லயே நிக்குது.”

அதன்பிறகு சூசைமாணிக்கம் மதியத்துக்கு மேல்தான் சுட்டார்.

வேறு ஆட்களையும் வைத்துப் பார்த்தார்கள். ஒருவரின் குண்டு போடிநாயக்கனூர் போய், அவர் வீட்டில் வளர்ந்து எப்போதோ விற்கப்பட்ட எருமையைத் தேடிக் கண்டுபிடித்தது. தனக்கு யாருமே இல்லை என்று சொன்ன ஒரு சிப்பாயைப் படுக்க வைத்துச் சுடச் சொன்னார்கள். அவருடைய குண்டு அரை நாள் பொட்டலில் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து குழலுக்குள்ளேயே படுத்துக்கொண்டது. அவருக்கு இரண்டு நாள் விடுப்புக் கொடுத்தார்கள்.

குணசுந்தரி சுட்டால் மட்டும் குண்டு இலக்குப் பலகைக்குப் போனது.

வேலை நேரத்தில் அவள் மனத்தில் வேலையைத் தவிர ஒன்றும் இருப்பதில்லை என்று சுடுதளத்தில் பேசிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். ஒரு குண்டு தேடிப் போவதற்கு வெளியூரில் ஒரு வாசல்கூட இல்லையே என்று எப்போதாவது கொய்யா மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது தோன்றும். ஊற்றி முடித்ததும் மறந்துவிடுவாள்.

ஆனால் அவள் சுட்டதிலும் ஒரு குறை இருந்தது. குண்டு பலகையின் நடுவில் படாது. நாலு விரற்கடை கீழே படும். காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும், எந்த மாதத்தில் சுட்டாலும், அதே நாலு விரற்கடை.

துப்பாக்கியை வடிவமைத்தவர் நாச்சியப்பன். தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் இருந்தார். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் பென்சிலும் சின்ன அளவுகோலும் இருக்கும். குணசுந்தரி குறை சொல்லி அனுப்பும் ஒவ்வொரு முறையும் அவர் துப்பாக்கியைத் திருத்தி, தாமே ஜீப்பில் கூட உட்கார்ந்து கொண்டுவருவார். தொலைநோக்கியை உயர்த்திப் பார்த்தார். குழலின் கனத்தைக் குறைத்தார். விசையை இளக்கினார். கட்டையைப் பூவரசிலிருந்து தேக்குக்கு மாற்றினார். எதை மாற்றினாலும் நாலு விரற்கடை மாறவில்லை.

அவள் சுடும்போது அவர் பலகைக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். குண்டு எங்கே பட்டது என்று கொடி காட்டுகிறவர் உட்காரும் இடம் அது. மண் சுவர் இருப்பதால் ஆபத்தில்லை. வடிவமைப்பாளர் அங்கே போக வேண்டிய அவசியமில்லை என்று குணசுந்தரி ஆரம்பத்திலேயே சொன்னாள். குண்டு எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும் என்று அவர் பதில் சொன்னார்.

சுட்டு முடித்தபின் இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து துப்பாக்கியைப் பற்றிப் பேசுவார்கள். அவள் குறையை முதலில் சொல்லிவிடுவாள். பிறகு நல்லதைச் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வாள். கன்னம் வைக்கும் இடம் வெயிலிலும் சுடவில்லை என்பாள். தாழ்ப்பாள் மூடும் சத்தம், நல்ல தச்சர் மாட்டிய அலமாரிக் கதவு போல இருக்கிறது என்பாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அவர் வருகிற நாட்களில் அவள் கஞ்சி போட்ட புடவையை எடுத்து இஸ்திரி செய்து கட்டினாள். ஆயுதத்துக்குக் காட்ட வேண்டிய மரியாதை என்று அதை நினைத்தாள்.

இறுதிச் சோதனைக்கு டெல்லியிலிருந்து குழு வந்தது. தலைவர் பிரிகேடியர் குரியன். பத்தனம்திட்டாக்காரர், சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கூட இரண்டு அதிகாரிகள். இந்தத் தடவையும் குறை இருந்தால் வெளிநாட்டுத் துப்பாக்கியையே வாங்கிவிடுவது என்று முடிவாகியிருந்தது. அப்படி ஆனால் தொழிற்சாலையின் ஸ்னைப்பர் பிரிவை மூடிவிடுவார்கள். நாச்சியப்பனை வடக்கே கூடார முளை செய்யும் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவார்கள். குணசுந்தரிக்கு இது முன்பே தெரியும். தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

காலையில் முதலில் பிஸ்டலைப் பார்த்தார்கள். அதுவும் நாச்சியப்பன் வடிவமைத்ததுதான். கைப்பிடி யார் கைக்கும் பொருந்தும். ஆனால் எதிரே இருப்பவர் சாப்பிட்டாரா என்று தெரியாமல் அது சுடாது. எதிரே இருந்தது அட்டையில் வெட்டிய மனித உருவம். அதன் முன்னால் ஒரு தட்டில் இட்லி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் காக்கைகள் வந்து தின்றுவிட்டுப் போயின. பிஸ்டல் அதைப் போதும் என்று எடுத்துக்கொண்டது. அதன்பின் வைத்த குறியெல்லாம் சரியாக விழுந்தது. பிரிகேடியர் திருப்தி என்று சொன்னார். சட்னி வைத்திருந்தால் தாமதம் குறைந்திருக்கும் என்று ஓர் அதிகாரி சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ஸ்னைப்பர். இறுதிச் சோதனையில் மதிப்பீட்டாளரே சுட வேண்டும் என்பது விதி. நாச்சியப்பன் வழக்கம்போலப் பள்ளத்தை நோக்கி நடந்தார். பிரிகேடியர் அவரைக் கூப்பிட்டு, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும், இங்கேயே இருங்கள் என்று கூடாரத்தில் தம் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். பள்ளத்துக்கு அய்யாக்கண்ணு என்கிற கொடிக்காரர் போனார். குணசுந்தரி படுத்த இடத்திலிருந்து அதைப் பார்த்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

வெளிநாட்டுத் துப்பாக்கியை முதலில் சுட்டாள். குண்டு பலகையின் நட்டநடுவில் பட்டது. எப்படி இருக்கிறது என்று பிரிகேடியர் கேட்டார். குறை ஒன்றும் இல்லை, தோளில் வைத்தால் வாடகை வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னாள்.

அடுத்து நாச்சியப்பனின் துப்பாக்கி. கன்னத்தை வைத்தாள். மூச்சை விட்டாள். விசையை அழுத்தினாள்.

குண்டு பாதித் தூரம் நேராகப் போனது. பிறகு நின்றது. கூடாரத்தில் இருந்தவர்கள் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆடு மேய்க்கிறவர்களின் ஒற்றையடிப் பாதையைப் பிடித்துத் திரும்பி வந்தது. கூடாரத்துக்குள் நுழைந்தது. அதிகாரிகள் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள். பிரிகேடியரைத் தாண்டிப் போய், நாச்சியப்பனின் நெஞ்சுக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவர் சட்டைப் பைக்குள் பென்சிலுக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டது.

பள்ளத்திலிருந்து அய்யாக்கண்ணு போன் செய்து, இங்கே ஒன்றும் வரவில்லை என்றார்.

குணசுந்தரி எழுந்து வந்து நின்றாள். புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்ட அவளுக்குத் தோன்றவில்லை. நாச்சியப்பன் குண்டை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“எப்பவும் இங்கதான் சார் வரும். பள்ளத்துல இருக்கறப்போ பலகையைத் துளைச்சிட்டு, என் பைக்குள்ள வந்து விழும். அங்க உட்கார்ந்தா எல்லார்க்கும் அப்படித்தான் விழும்னு நெனச்சுட்டேன்.”

பிரிகேடியர் பொறுமையான மனிதர். எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். நாச்சியப்பனைப் பள்ளத்தில் உட்கார வைத்துக் குணசுந்தரியைச் சுடச் சொன்னார். குண்டு நாலு விரற்கடை கீழே பட்டது. அதே இடத்தில் ஒரு செங்கல்லை வைத்து அதன்மேல் அவரை உட்காரச் சொன்னார். குண்டு நட்டநடுவில் பட்டது. செங்கல்லின் உயரத்தை அளந்து பார்த்தார்கள். நாலு விரற்கடை.

அப்படியானால் தொலைநோக்கியில் குறையில்லை. குழலில் குறையில்லை. பூவரசங்கட்டையிலும் குறை இருந்திருக்கவில்லை. முதன்முதலில் கொண்டுவந்த துப்பாக்கியே சரியான துப்பாக்கிதான்.

அந்த மனிதரை இத்தனை வருடம் எத்தனை தடவை அலையவிட்டோம் என்று குணசுந்தரி நினைத்துப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவள் மதிப்பீட்டாளர். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பிரிகேடியருக்கு முன்னால் போய் நின்றாள்.

“சார், இந்தத் துப்பாக்கி ஒருநாளும் குறி தவறினதில்லை. ஆனா அதை இனிமே நான் சொல்லக் கூடாது. வேற யாராவதுதான் சொல்லணும்.”

நாச்சியப்பன் தலையைக் குனிந்து அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிரிகேடியர் சிறிது யோசித்தார். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, தாமே தரையில் படுத்துத் துப்பாக்கியை எடுத்தார். கன்னம் வைக்கும் இடம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். சுட்டார். குண்டு தென்மேற்காகத் திரும்பி, கரட்டுக்கு மேலே ஏறி மறைந்தது.

எல்லோரும் டீ குடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். மலையைத் தாண்ட வேண்டும், நேரம் ஆகும் என்று சூசைமாணிக்கம் அனுபவத்தில் சொன்னார். வெயில் தாழ்ந்த பிறகு பிரிகேடியரின் போன் அடித்தது. அவருடைய அண்ணன். பத்தனம்திட்டாவில் அடுத்தடுத்த வீடுகளாக இருந்தும், இடையில் இருக்கிற மதில் சுவர் யாருடையது என்பதில் தகராறு வந்து, இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள். வாசலில் ஒன்று வந்து நிற்கிறது, உள்ளே விடட்டுமா என்று அண்ணன் கேட்டார்.

பிரிகேடியர் போனைக் காதில் வைத்தபடி கூடாரத்துக்கு வெளியே போனார்.

“விடுங்க,” என்றார். பிறகும் ரொம்ப நேரம் மலையாளத்திலேயே பேசினார். திரும்பி வந்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

துப்பாக்கி ஏற்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லையில் எதிரே இருப்பவர்களை மனத்தில் வைத்துக்கொள்ள நம் வீரர்களுக்குத் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று ஓர் அதிகாரி கேட்டார். அது பயிற்சித் துறை பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், வடிவமைப்பின் குறை அல்ல என்று பிரிகேடியர் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

குழு கிளம்பிப் போனபின் குணசுந்தரியும் நாச்சியப்பனும் ஜீப் நிற்கும் இடம்வரை நடந்தார்கள். சுடுதளத்தில் வேலை முடிந்து கொடிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“நான் பள்ளத்துல இல்லாத நாள்ல நீங்க சுட்டதே இல்லையா?” என்று அவர் கேட்டார்.

“நீங்க வராத நாள்ல நான் எதுக்குச் சுடணும்?”

அதைச் சொன்னபிறகுதான் அவளுக்கே அது கேட்டது. சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். தப்பான குறையைச் சொல்லி அவருடைய உழைப்பை வீணாக்கிவிட்டதாகவும், அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை என்றும் மெல்லச் சொன்னாள்.

நாச்சியப்பன் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஏறவில்லை.

“முதல் துப்பாக்கியையே சரின்னு சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் நான் என்ன சாக்கு சொல்லிட்டு இங்க வந்திருப்பேன்?”

டிரைவர் இறங்கிப்போய் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜீப் கிளம்ப நேரமாயிற்று.

தை மாதத்தில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சூசைமாணிக்கம் பிலோமினாவை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆளே நேரில் இருந்ததால் அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பிரிகேடியர் வர முடியவில்லை. அவரும் அண்ணனும் சேர்ந்து ஒரே வாழ்த்துத் தந்தியாக அனுப்பியிருந்தார்கள்.

கணவர் செய்கிற துப்பாக்கியை மனைவி மதிப்பிட முடியாது என்பதால், குணசுந்தரியைக் கனரக ஆயுதப் பிரிவுக்கு மாற்றினார்கள். சுடுதளத்தின் மறுகோடியில் தகரக் கொட்டகை. சேர்ந்த முதல் திங்கட்கிழமை, மதிப்பீட்டுக்காக ஒரு புதிய பீரங்கி வந்தது. துணைக்கு அதன் அம்மாவான பழைய பீரங்கியும் வந்திருந்தார். குணசுந்தரி இருவரையும் நிழலில் நிறுத்தினாள். அம்மாவுக்குக் காது மந்தம் என்று கூட வந்த சிப்பாய் சொன்னதால், பயணமெல்லாம் சௌகரியமாக இருந்ததா என்று சற்று உரக்கக் கேட்டாள்.