சாட்சிக் கையெழுத்து

புதன்கிழமை நாலு மணிக்குள் லொரெட்டா வாஸ்கோவிடம் விலகல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று பணியாளர் அதிகாரி பிரிட்சார்டுக்கு மேலிடத்து உத்தரவு. காரணம் ஊரறிந்ததுதான். பட்ஜெட் நிறைவேறும்வரை அரசு அறிவியல் நிறுவனங்களில் ஒருவரையும் ஆட்குறைப்புச் செய்யக் கூடாது என்ற மசோதா மறுநாள் வாஷிங்டனில் வாக்கெடுப்புக்கு வருகிறது. ஆனால் தானாக விலகியவரை எந்தச் சட்டமும் காப்பாற்றாது. அதனால்தான் இத்தனை அவசரம், இத்தனை இனிப்பான பேச்சு.

லொரெட்டா அப்படியொரு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாகச் செயற்கைக்கோள்களுக்கு போல்ட்டு முடுக்குகிறவள். வேலை போனால் கணவன் ரேயின் டயாலிசிஸுக்கான காப்பீடும் போய்விடும். அவளுக்குப் பயம் இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

அன்று அவள் தூசியில்லா அறைக்குள் இருந்தாள். அங்கே சாதாரணக் காகிதம் நுழையக் கூடாது. அதன் நார் கருவியில் ஒட்டிக்கொள்ளும். எழுதுவதற்கென்று நார் உதிராத நீலத் தாள் தனியாக உண்டு. பிரிட்சார்ட் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று படிவத்தை ஆட்டினார்.

"வெளிய வாங்க லொரெட்டா, ரெண்டு நிமிஷ வேலை," என்றார் மைக்கில்.

"பாதியில விட்டுட்டு வர முடியாது சார். அதை நீலத் தாள்ல நகல் எடுத்துக்கிட்டு நீங்க உள்ள வாங்க."

வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டி அவர் வர இருபது நிமிடம் ஆனது. உள்ளே எல்லோருக்கும் கண் மட்டுமே தெரியும் என்பதால் முதுகில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுவார்கள். அவர் முதுகில் யாரோ 'விருந்தாளி' என்று எழுதியிருந்தார்கள்.

"இங்க எங்க முறைதான்," என்றாள் லொரெட்டா. "ஒருத்தர் ஒவ்வொரு படியா சத்தமா வாசிக்கணும். இன்னொருத்தர் அதைச் செஞ்சுட்டு 'ஆச்சு'ன்னு சொல்லணும். வாசிச்சவர் பதிவேட்டுல சாட்சிக் கையெழுத்துப் போடணும். வாசிங்க."

அவளோடு வேலை செய்யும் டெஸ்மண்ட் ஸ்பேனரை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

பிரிட்சார்ட் தொண்டையைச் செருமினார். "நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்."

"ஆகல. எனக்கு விருப்பம் இல்ல."

"யாரும் என்னை வற்புறுத்தவில்லை."

"அதுவும் ஆகல. இந்த வாரம் மூணு தடவை ஃபோன் பண்ணீங்க. கையெழுத்துப் போடலைன்னா வெறுங்கையோடதான் போகணும்னீங்க."

"அது அறிவுரைங்க."

"அறிவுரைக்கு எதுக்கு சார் நாலு மணி கெடு?" என்றான் டெஸ்மண்ட்.

லொரெட்டா பதிவேட்டில் எழுதினாள். படி ஒன்று: செய்யப்படவில்லை, உண்மை அல்ல. படி இரண்டு: செய்யப்படவில்லை, மூன்று முறை வற்புறுத்தல். பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"நான் எதுக்குப் போடணும்?"

"வாசிச்சது நீங்கதானே. போடலைன்னா அந்த இடம் காலியா நிக்கும். கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

பிரிட்சார்ட் முப்பது வருடம் விதிமுறையைச் சொல்லியே பிழைத்த மனிதர். ஒரு பதிவேட்டில் வெற்றிடம் விட்டுப் போவது அவரால் முடியாத காரியம். கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷத்தில் நேரத்தையும் எழுதினார்: 3.52.

அவர் போன பிறகு லொரெட்டா பதிவேட்டை மூடி வைத்தாள். நாளைக்கு ஓட்டு எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் தானாகப் போனாள் என்று இனி எவனும் சொல்ல முடியாது.

அவள் ஸ்பேனரை எடுத்தாள். "ஏழாவது போல்ட்டு. வாசி, டெஸ்மண்ட்."