பதினைந்து எழுத்து

எங்கள் மடகாஸ்கரில் பதினைந்து எழுத்துக்குள் அடங்குகிற முழுப் பெயர் வேண்டுமென்றால் வெளிநாட்டுக்காரனைத்தான் பிடித்து வர வேண்டும். இது எனக்குத் தெரியாதா? என் பெயரே இருபது எழுத்து. தெரிந்தும் செய்தேன், பாவி.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து வைக்கிற கண்ணாடிக் குழாயில் ஒட்டுகிற பெயர்ச் சீட்டை அச்சடிக்கும் மிஷினுக்கு 'சி' என்கிற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுவது என் வேலை. அதில் பெயருக்கு ஒதுக்கிய இடம் பதினைந்து இங்கிலீஷ் எழுத்துதான். பழைய புரோகிராம் இடம் போதுமா என்று பார்க்காமல் முழுப் பெயரையும் காப்பி செய்யும். நீளமான பெயர் வழிந்து மிஷினின் நினைவில் பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும், மிஷின் நின்றுவிடும்.

"பத்திரமா காப்பி பண்ற மாதிரி மாத்தும்மா" என்றார் முதலாளி ஹாசா.

மாற்றினேன். நான் போட்ட புதுக் காப்பிக் கட்டளை பதினைந்தோடு நிறுத்திக்கொள்ளும். முழுப் பெயருக்கு எத்தனை எழுத்து வேண்டும் என்று பதிலும் சொல்லும். அதைப் பார்த்தாலே பெயர் வெட்டுப்பட்டது தெரிந்துவிடும். நான் பார்க்கவில்லை. புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்கும் கருவி 'பதிலைக் கவனி' என்று நச்சரித்தது. அதன் வாயை அடைக்க ஒரு சொல்லைச் சேர்த்தேன். மிஷின் அப்புறம் நிற்கவே இல்லை. ஹாசா எல்லோருக்கும் கோழியும் சோறும் வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் மாதம், தெற்கே ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து, மிஷின் மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடும் நர்ஸ் வோலானா போனில் அழுதாள்.

"அக்கா, ஒரே வார்டுல ரெண்டு பொம்பளைங்க. ரசாஃபின்ட்ரகோட்டோஅரிசோவா, ரசாஃபின்ட்ரகோட்டோஅரிவேலோ. ரெண்டு குழாய்லயும் ஒரே பேருதான் அடிச்சு வந்திருக்கு. அரிசோவாவுக்கு மத்தவளோட வகை ரத்தத்த ஏத்திட்டோம்."

"உசிரு இருக்கா?"

"இருக்கு. கிட்னி நின்னுபோச்சு. டாக்டர் கைய விரிச்சிட்டாரு." மூக்கை உறிஞ்சினாள். "முன்னாடி மிஷின் நின்னா கையால எழுதுவோம்க்கா. ஒரு தப்பும் நடந்ததில்ல."

அவள் குத்திக்காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீ எதுக்குப் போற? வக்கீல் பேசுவாரு. வாயத் தொறக்காத" என்றார் ஹாசா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய என்னிடம். நல்ல மனுஷன்! அடுத்த வேனில் ஏறிவிட்டேன்.

வராண்டா பெஞ்சில் அரிசோவாவின் புருஷன் இருந்தார். பக்கத்தில் அவளுக்காகக் காய்ச்சிய கஞ்சி, தூக்குவாளியில் திறக்காமல் இருந்தது.

"டாக்டரம்மாவா?"

"இல்லண்ணே. அந்தச் சீட்டு மிஷினுக்கு புரோகிராம் எழுதினது நான்தான். தப்பு என்னோடது."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரும்மா. அவ போறவரைக்கும் நீயும் இரு."