வரப்பில் நடந்த டிரைவர்

எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. என் மகன் அன்பரசுவின் நிச்சயதார்த்தத்துக்குப் பத்து மணிக்குக் கிளம்பலாம் என்று வேன் டிரைவர் சொன்னான். நான் ஒன்பதுக்கே தெருவில் போய் நின்றேன். நின்றதால்தான் பார்த்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து டிரைவர் ஆரோக்கியராஜும் என் மச்சான் சிங்காரமும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

“அங்க என்னடா வேல?”

“கன்னுக்குட்டியப் பாத்தோம் மாமா,” என்றான் ஆரோக்கியராஜ்.

என் கொட்டகையில் இருப்பது இரண்டு கிழட்டு எருமை. பக்கத்தில் போய் மோந்தேன். எருமை வாடை இல்லை.

“எவ்ளோடா?”

“ஆளுக்கு ஒரு குவார்ட்டர் மாமா. நேத்தே வாங்கி வச்சது, வீணாப் போவக் கூடாதுன்னு...”

வேன் சாவியைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் சொருகி முடிச்சுப் போட்டேன்.

பெண் வீடு காட்டுமன்னார்கோயில். எங்கள் ஊர் குமராட்சியிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஆனால் பெண்ணின் அப்பா வைத்திலிங்கம் பேச்சை எடுத்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டார். “பையன் குடிப்பான்னு தெரிஞ்சா, தட்டு மாத்துற நேரத்துலகூட நிறுத்திடுவேன் சம்பந்தி.” அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். என் மகன் சொட்டுகூடத் தொடாதவன். ஆனால் குடித்தவன் ஓட்டும் வேனில் போய் இறங்கினால் யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன். அதற்கு முன்னால் வாய்க்காலில் கவிழாமல் போய்ச் சேர வேண்டும்.

“எவ்ளோ நேரத்துல தெளியும்?” என்று கேட்டேன். கேட்டது தப்பு. தெருவே பதில் சொன்னது.

“ஒரு சொம்பு மோரு குடுங்க மச்சான், அரமணி நேரம்,” என்றான் சிங்காரம். குடித்தவனே வைத்தியம் சொல்கிறான்.

“தலையில நாலு கொடம் தண்ணி ஊத்துங்க,” என்றாள் எதிர்வீட்டு மாரியம்மாள்.

இரண்டையும் செய்தோம். மோர் உள்ளே போனது, தண்ணீர் மேலே போனது. ஆரோக்கியராஜ் நனைந்த கோழி மாதிரி நின்று ஏப்பம் விட்டான். மோர் வாசனையும் பிராந்தி வாசனையும் சேர்ந்து வந்தது.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வீட்டுக்குப் பின்னால் நடவு முடிந்த வயல். சாண் அகலத்துக்கு வரப்பு. இரண்டு பக்கமும் முழங்கால் சேறு.

“இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு நட. விழாமப் போயிட்டு வந்தா சாவி.”

நடந்தான். தலையில் சுமையும் சும்மாடும் இல்லாத குறைதான், அவ்வளவு நிதானமாக நடந்தான். மூலையில் ஒரு காலில் நின்று, காலில் ஒட்டின சேற்றைப் புல்லில் வழித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

எனக்குச் சந்தேகம். “அன்பு, நீ நடடா. குடிக்காதவன் எப்படி நடக்குறான்னு பாத்தாத்தான் கணக்குத் தெரியும்.”

“அப்பா, பட்டு வேட்டிப்பா.”

“தூக்கிக் கட்டிக்கடா.”

அவன் ஆறாம் வகுப்பிலிருந்து கடலூர் ஹாஸ்டலில் வளர்ந்தவன். இப்போதும் அங்கேதான் ஆபீஸ் வேலை. ஒன்பது அடி வைத்தான். பத்தாவது அடியில் வயலுக்குள் உட்கார்ந்தான். ஆரோக்கியராஜ் வரப்பிலேயே ஓடிப்போய், கை கொடுத்துத் தூக்கி விட்டான்.

“பாத்தீங்களா மாமா, யாரு தெளிவா இருக்கான்னு? நான் பொறந்ததுலேருந்து இதுலதான் நடக்குறேன். கண்ண மூடிக்கிட்டே நடப்பேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் பத்து வருஷமாகக் குடித்துவிட்டு இந்த வரப்பில்தான் வீட்டுக்குப் போகிறான். ஒரு நாளும் விழுந்ததில்லை. என் பரீட்சை வெத்துப் பரீட்சை.

சேற்றோடு அன்பரசு செல்போனை எடுத்தான். “இருங்கப்பா, ஜெயராணியக் கேக்குறேன். சிதம்பரத்துல நர்ஸாதான இருக்கா.” நான் தடுப்பதற்குள் கட்டிக்கப் போகிற பெண்ணிடமே பேசிவிட்டான்.

“ஜெயா, ஒரு டவுட்டு. ஒரு குவார்ட்டர் அடிச்சா எவ்ளோ நேரம் கழிச்சு வண்டி ஓட்டலாம்?... எட்டு மணி நேரத்துக்கு மேலயா?... மோரு குடிச்சா?... ஒண்ணும் ஆவாதா? குளிச்சா?... அதுவும் ஆவாதா? சரி சரி... யாரா? அது வந்து...”

சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது.

“யாரு குடிச்சதுன்னு சொன்னியாடா?”

“சொல்ல வந்தேன்பா.”

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை பெண்ணுக்குப் போன் போட்டு இப்படிக் கேட்டால் பெண் என்ன நினைப்பாள்? இவன் படித்தவன்.

வேனை அங்கேயே விட்டோம். சீர்த்தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்து, காத்துக் கிடந்து, ஒரு மணிக்கு வந்த டவுன் பஸ்ஸில் ஏறினோம். வாழைப்பழத் தட்டின் மேல் ஒரு கிழவர் உட்காரப் பார்த்தார். சிங்காரத்தைக் கடைசி சீட்டில் உட்கார வைத்து வாயை மூடிக்கொள்ளச் சொன்னேன்.

வாசலிலேயே வைத்திலிங்கம் நின்றார். மகனின் வேட்டியைப் பார்த்தார். கழுவியும் சேறு இடுப்பு வரை தெரிந்தது.

“எங்க விழுந்தாரு?”

“வரப்புல. நாந்தான் நடக்கச் சொன்னேன். டிரைவர் குடிச்சிருக்கானான்னு பாக்குறதுக்கு.”

“டிரைவருக்குச் சந்தேகம்னா மாப்ளைய ஏன் நடக்க வச்சீங்க?”

நல்ல கேள்வி.

“எங்க வீட்டுக்குப் பின்னாலயும் வரப்பு இருக்கு,” என்றார் அவர். “நடக்கட்டும், பாப்போம்.”

“வேணாம் சம்பந்தி, அது வெத்துப் பரீட்ச...”

கேட்கவில்லை. இரண்டு வீட்டு ஜனமும் வேலியோரம் நின்றது. இந்தத் தடவை ஏழு அடி.

“போதும்,” என்றார் வைத்திலிங்கம். “தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “யோவ் சம்பந்தி! எங்க ஊருல குடிச்சவன் விழாம நடந்தான்யா. குடிக்காத எம்மவன்தான் விழுந்தான். இங்கயும் விழுந்துட்டான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

யாருக்கும் விளங்கவில்லை. எனக்கே பாதிதான் விளங்கியது.

ஜெயராணி பட்டுப்புடவையோடு வேலியோரம் வந்தாள். “இங்க வாங்க. வாயத் தெறங்க. ஊதுங்க.” அன்பரசு ஊதினான். அவள் மூக்கைச் சுருக்கினாள். “சேத்து நாத்தம் மட்டுந்தான். அப்போ குடிச்சது யாரு?”

நான் மடியை அவிழ்த்து சாவியைக் காட்டினேன். “இந்தச் சாவிக்காரன்மா. நீ எட்டு மணி நேரம்னு சொன்ன. அதான் பஸ்ல வந்தோம்.”

அவள் சிரித்தாள். “அப்பா, வண்டிய எடுக்கலாமான்னு கேட்டுட்டு, கூடாதுன்னதும் எடுக்காம வந்துருக்காங்க. வேற என்ன வேணும் உங்களுக்கு?”

வைத்திலிங்கம் தன் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். நாலு மணிக்குத் தட்டு மாற்றினோம்.

ஐந்தரைக்கு ஆரோக்கியராஜ் பஸ்ஸில் வந்து இறங்கினான். தலை சீவி, திருநீறு மாதிரி பவுடர் பூசியிருந்தான்.

“சாவியக் குடுங்க மாமா. நான் குடிச்சது ஒம்பது மணிக்கு. எட்டு மணி நேரம் தாண்டியாச்சு. வேன எடுத்தாந்து எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போறேன்.”

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

“முழுக் குவார்ட்டரும் ஒம்பது மணிக்கேவா முடிஞ்சுது?”

தலையைச் சொறிந்தான். “கொஞ்சம் மீதி இருந்துச்சு மாமா. நீங்கல்லாம் போனதும் சும்மா உக்காந்திருக்க ஒரு மாதிரி இருந்துச்சு...”

“அது எத்தன மணிக்கு?”

“ரெண்டு, ரெண்டரை இருக்கும்.”

சாவியை மறுபடி மடியில் சொருகி, இரண்டு முடிச்சாகப் போட்டேன்.

“வா, பஸ் வந்துரும். அந்தப் பழத்தட்ட நீ தூக்கு.”