பெஞ்சு திருப்புகிறவர்

“உள்ள வேணாம். இப்பிடியே வேப்பமரத்தடியில வையுங்க.” கொட்டகை வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார் மாதா கோயில் கமிட்டித் தலைவர் இஞ்ஞாசி.

சவப்பெட்டியைத் தூக்கி வந்த நால்வரும் அப்படியே நின்றார்கள். பெட்டிக்குள், கோயில் வேலையும் பள்ளிக்கூடமும் சேர்த்துப் பார்த்த உபதேசியார் பெலவேந்திரம். பின்னால் வந்த அவர் மகள் மதலேனுக்கு மூக்கு ஒழுகியது. கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான். அழுகிறாள் என்று நினைத்து யாராவது ஆறுதல் சொல்லி, கோபத்தை இன்னும் கிளப்பிவிடுவார்கள்.

“ஏங்க உள்ள வேணாம்?”

“நாளைக்கு ஸ்கூலும்மா. புள்ளைங்க பயப்படும். பூசை முடிஞ்சதும் சாமியாரு வெளியிலயே வந்து மந்திரிச்சிடுவாரு.”

“அவருகிட்ட அடி வாங்கினப்பவே பயப்படாத புள்ளைங்க, இப்பவா பயப்படப்போவுது?”

யாரோ சிரித்தார்கள். இஞ்ஞாசி சிரிக்கவில்லை.

காரணம் பிள்ளைகள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய ஊர்க் கோயிலிலும் சேரிப் பிணம் வாசலோடு நின்றுவிடும். நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஊர் போயிற்று, ஏரி போயிற்று, கல்லறைகூடப் போயிற்று. இதை மட்டும் சனங்களே மூட்டைகட்டிப் பத்திரமாகக் கொண்டுவந்து இங்கே இறக்கிவிட்டார்கள்.

இந்தக் கீற்றுக் கொட்டகையே மதலேனின் அப்பா, சாமியாரிடம் கெஞ்சிப் போட வைத்தது. வாரமெல்லாம் பள்ளிக்கூடம், ஞாயிறு கோயில். மேற்கே கரும்பலகை, கிழக்கே பீடம். சனிக்கிழமை சாயங்காலம் ஒற்றை ஆளாகப் பெஞ்சுகளைக் கிழக்கே திருப்புவார். ஞாயிறு சாயங்காலம் மறுபடி மேற்கே. “வாரத்துக்கு ரெண்டு தடவ ஒலகத்தையே திருப்பறேன், ஒருத்தனும் கண்டுக்க மாட்டேங்கிறான்” என்பார். நேற்று சனிக்கிழமை மத்தியானம், பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மணி அடித்தது. பெட்டியை மரத்தடியில் வைத்தார்கள். சுரங்கக் குவார்ட்டர்ஸ்காரர்களும் மந்தாரக்குப்பத்துக் கடைக்காரர்களும் உள்ளே போய், பெஞ்சு பார்த்த திசையிலேயே வழக்கம்போல உட்கார்ந்தார்கள். பீடத்துக்கு வந்த சாமியார் திரும்பிப் பார்த்தார். வரிசை வரிசையாக முதுகுகள். அந்தக் கால முறைப்படி அவரும் சனங்களுக்கு முதுகு காட்டித்தான் பூசை வைப்பார். இன்று பாக்கி நேராகிவிட்டது.

“என்னய்யா இது!” இஞ்ஞாசி எரிச்சலோடு எழுந்து வாசல் பக்கம் கத்தினார். “உபதேசியாரே! பெஞ்சத் திருப்பலியா?”

கத்திய வாய் மூடவில்லை.

மரத்தடியிலிருந்து மதலேனின் குரல் வந்தது.

“கூப்புட்டுட்டீங்க இல்ல, வருவாரு. தூக்குங்கண்ணே.”

நால்வரும் தூக்கினார்கள். நடுவழியில் நின்ற இஞ்ஞாசி வழிவிடவில்லை. ஆனால் பெஞ்சைத் திருப்ப வேண்டுமென்றால் நகர்ந்துதானே ஆக வேண்டும்? குனிந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். பக்கத்தில் இருந்தவர்களும் இழுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே பெட்டி பீடத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது.

கரும்பலகையை ஒட்டியிருந்த ஒரு பெஞ்சை மட்டும் யாரும் திருப்பவில்லை. மதலேன் அதில் போய் உட்கார்ந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாதியில் நின்றிருந்த கழித்தல் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.