உடம்பிலேயே காய்ந்த கவுன்

கல்யாணத் துணி வந்து சேர்ந்த வாரத்தில் தையல் கூடத்துக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கூடத்தின் பின்புறம் திறந்த வெளியில் பழைய குளியல் தொட்டி ஒன்று கிடக்கும். மொச்சூடி ஊரில் அந்தத் தையல் வகுப்புக்கு வருகிற பெண்கள் ஊசியைத் தொடுவதற்கு முன் அந்தத் தொட்டியைத் தொட்டாக வேண்டும். கல்யாணத்துக்கு உடுத்துகிற லெட்டெய்சித் துணி கடையிலிருந்து வரும்போது அட்டை போல விறைத்திருக்கும். கருநீலத்தில் கடுகு கடுகாக வெள்ளைப் புள்ளி. நுனியை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், உப்புக் கரித்தால் அசல். அதை ஊறவைத்து, கஞ்சி போக அலசி, நிழலில் காயவைத்த பிறகுதான் கத்தரி போடலாம். நனைந்தால் சுருங்குகிற துணி அது. சுருங்க வேண்டியதெல்லாம் தைப்பதற்கு முன்பே சுருங்கி முடிந்திருக்க வேண்டும்.

செனோலோவுக்கு இது தெரியும். காலையில் கோழிப் பண்ணை, செவ்வாயும் வியாழனும் பிற்பகலில் தையல் வகுப்பு என்று குளிர்காலத்திலிருந்து போய் வருகிறாள். தலையணை உறை, பள்ளிச் சீருடை, ஒட்டுத்துணிப் போர்வை எல்லாம் தைத்துவிட்டாள். இப்போது தங்கை லரோனாவின் கல்யாணக் கவுன்.

"நனைக்கணுமா? எதுக்கு?" என்றாள் மொசாடி அத்தை. அப்பாவின் அக்கா. கல்யாண வேலை மொத்தமும் அவள் கையில்தான். "மாப்பிள்ளை வீட்டுல புதுத் துணி குடுத்திருக்காங்க. நீ அதைத் தொவைச்சுப் பழசாக்கி இவ மேல மாட்டி விடுவியா? நடந்து வர்றப்ப சரசரன்னு சத்தம் வரணும்டி. அவங்க காதுல விழணும்."

"சுருங்கிடும் அத்தை."

"எப்ப?"

"நனைஞ்சா."

அத்தை வானத்தைப் பார்த்தாள். பிறகு முற்றத்தில் நின்ற தண்ணீர்ப் பீப்பாய்களைப் பார்த்தாள். "மழை முகத்தைப் பாத்து மூணு வருஷம் ஆகுது. எங்கேருந்து நனையப் போறா? சமைக்கவே இந்தத் தண்ணி பத்தாது, இதுல துணிக்கு வேற குளியலா? போ, போய்த் தை."

வகுப்பில் டீச்சர் உதட்டைப் பிதுக்கினாள். "சரி, பெரியவங்க சொன்னா என்ன பண்ணுவ? பக்கத் தையல்ல உள்ளே நிறையத் துணி விட்டுத் தை. பின்னால பிரிச்சு விட்டுக்கலாம்."

செனோலோ அப்படித்தான் தைத்தாள். ஆனால் லரோனா போட்டுப் பார்க்க வந்தபோது கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்றாள். "இடுப்புல தடிச்சுத் தெரியுதுக்கா. இன்னும் பிடிச்சு விடு. ஒரு தடவைதானே கட்டிக்கப் போறேன்."

"மூச்சு விடணும் நீ."

"அப்புறமா விட்டுக்கிறேன்."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மெஷினில் இருந்த மா கராபோ பெரிதாகச் சிரித்தாள். கராபோவின் அம்மா, கனத்த உடம்பு, பெரிய வாய். "நான் கல்யாணத்துல மூச்சை நிறுத்தினேன் கண்ணு, இன்னும் விடல" என்றாள்.

உள்ளே தடித்து நின்றது செனோலோ விட்டு வைத்த துணிதான். அதைத் தங்கை விரலால் தடவி முகம் சுளித்தாள். உள்பக்கமும் அழகாக இருக்க வேண்டும் என்று செனோலோவுக்கும் ஆசை வந்தது. இடுப்பை இன்னும் பிடித்துத் தைத்து, ஓவர்லாக் மெஷினில் வைத்து ஓட்டினாள். அது தைத்துக்கொண்டே ஓரத்தை வெட்டிப் போடுகிற மெஷின். நீல நாடாவாகத் துணி சுருண்டு சுருண்டு தரையில் விழுந்தது. கவுன் உள்ளும் புறமும் ஒன்றுபோல வழவழவென்று ஆனது. பிரித்து விட இனி உள்ளே துணி இல்லை என்பது அன்று அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அந்தக் கவுன் அவளுக்கு வேறொரு விதத்திலும் முக்கியம். கல்யாணத்தன்று மணப்பெண்ணைத் தாய்மாமன் வீட்டு அறையில் பாயில் கால் நீட்டி உட்காரவைத்து, இரண்டு வீட்டுப் பெண்களும் சுற்றி அமர்ந்து புத்தி சொல்வார்கள். தோளில் போர்வை போர்த்திய, கல்யாணமான பெண்கள் மட்டும். செனோலோவுக்கு ஏழு வயதில் மகன் உண்டு, புருஷன் இல்லை. அந்த அறைக்குள் அவள் போக முடியாது. அக்கா கையால் தைத்த கவுனாவது தங்கையோடு உள்ளே இருக்கும் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு தையலையும் போட்டிருந்தாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து பரிசமாக மாடுகள் வந்தன, எண்ணப்பட்டன, ஏற்றுக்கொள்ளப்பட்டன. வெயில் ஏறும்போது தெற்கே மேகம் கறுத்தது. அடுப்படியில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் என்று பயம்.

செனோலோ கறிப்பானையை விட்டுவிட்டு அத்தையிடம் ஓடினாள். "அத்தை, மாமா வீட்டுக்கு நடந்து போறப்ப அவளுக்கு ஒரு குடை பிடிக்கலாமா?"

"குடையா?" அத்தைக்குக் குரல் கிறீச்சிட்டது. "மூணு வருஷம் கழிச்சு வர்ற மழைக்குக் குடையைக் காட்டுவியா? மணப்பொண்ணு தலைல விழுந்தா அது எவ்வளவு பெரிய ஆசீர்வாதம்! உனக்குக் கல்யாணம் அமையாததுல ஆச்சரியமே இல்ல போ."

"கவுன் அத்தை..."

"கறி அடி பிடிக்குது. போய்க் கிண்டு."

லரோனா வாசலுக்கு வந்தபோது முதல் துளிகள் விழுந்தன. தலைகுனிந்து, கண்ணைத் தரையில் வைத்து, அடிமேல் அடி வைத்து வந்தாள். மணப்பெண் அவசரப்படக் கூடாது, நிமிரக் கூடாது, பேசக் கூடாது. கவுன் சரசரத்தது. அந்தச் சத்தம் கொஞ்ச நேரம்தான் கேட்டது.

பிறகு மழை கொட்டியது.

"பூலா! பூலா!" மழை, மழை என்று தெருவே கத்தியது. கிழவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தைத் தூக்கி நின்றார்கள். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். மாமா வீடு கூப்பிடு தூரம்தான். ஆனால் யாருக்கும் உள்ளே போக மனமில்லை. மணப்பெண்ணை மழையில் நிறுத்தி நிறுத்திப் பாடினார்கள். லரோனாவின் முழங்காலிலிருந்து கஞ்சித் தண்ணீர் வெளுப்பாக வழிந்தது, அதன் பின்னால் நீலம். கவுன் விறைப்பு இழந்து உடம்போடு ஒட்டியது. செனோலோ கரண்டியும் கையுமாக வேலி ஓரத்தில் நின்று பார்த்தாள்.

"சிரிடி!" என்று பக்கத்தில் நின்றவள் அவள் முதுகில் தட்டினாள். "மழை பெய்யுது!"

மாமா வீட்டில் அறைக் கதவு சாத்தப்பட்டது. மழை நின்றது. அதன்பின் வெயில் வந்ததைத்தான் செனோலோவால் தாங்க முடியவில்லை. தகரக் கூரையிலிருந்து ஆவி எழுந்தது. உள்ளே அத்தனை பெண்கள், போர்வைகள், சாத்திய ஜன்னல். துணி உடம்பிலேயே காயும். காயக் காய இறுகும். கைக்குழியில் முதலில் பிடிக்கும், பிறகு மார்பில், பிறகு இடுப்பில். எந்தத் தையல் எந்த இடத்தில் இழுக்கும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது.

செனோலோ மாமா வீட்டு முற்றத்தில் காத்திருந்தபோது மா கராபோ தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். தோளில் போர்வை, அதனால் அவள் உள்ளே இருந்தவள். செனோலோ அவளைச் சுவர் ஓரமாக இழுத்துப் போனாள். பாவாடைப் பையிலிருந்து தையல் பிரிக்கும் சின்னக் கொக்கியை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"எப்படி இருக்கா?"

"சிலை மாதிரி உக்காந்திருக்கா. எல்லாரும் மெச்சுறாங்க."

"அசைய முடியாம உக்காந்திருக்கா மா. அக்குளுக்குக் கீழே ஒரு சாண் பிரிச்சு விடு. அவளுக்கு உள்ளே போர்த்தியிருக்கிற போர்வைக்குள்ள கையை விட்டுப் பண்ணு, யாருக்கும் தெரியாது."

மா கராபோ கொக்கியைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லாமல் செனோலோ பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே போனாள். செனோலோ சுவரோடு நின்றாள். உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "புருஷன் எங்க போனான்னு கேக்காத. எப்ப வந்தான்னு கேக்காத." மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

வெகுநேரம் கழித்து மா கராபோ வந்து கொக்கியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரு பக்கம் மாமியாரோட தங்கச்சி, இன்னொரு பக்கம் உங்க அத்தை. நடுவுல நான் எங்கேருந்து கையை விடுவேன்? பின்னால போய் போர்வை சரி பண்ற மாதிரி ஜிப்பை இழுத்துப் பாத்தேன். நகரவே இல்ல, ரெண்டு பக்கமும் துணி இழுத்துப் பிடிச்சிருக்கு. 'மணப்பொண்ணைத் தொடாத'ன்னு ஒரு அதட்டல் வேற."

"அவ ஏதாவது சொன்னாளா?"

"பேசக் கூடாதே. அழுதா. அழுதா நல்லதுன்னு குலவை போட்டாங்க."

செனோலோ கொக்கியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். கதவைத் தட்டலாம். தட்டிவிட்டு என்ன சொல்வது? என் தையல் தப்பு, என் தங்கையை வெளியே விடுங்கள் என்றா? அந்த வாசலில் நின்று வாயைத் திறக்கக்கூட அவளுக்கு உரிமை இல்லை. இரண்டு எட்டு வைத்தாள். வீட்டுப் பக்கமிருந்து பானை பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். திரும்பிப் போனாள்.

சாயங்காலம் கதவு திறந்தது. மொசாடி அத்தை முதலில் வந்தாள், முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியாடி உன் தங்கச்சியை! கையைத் தூக்கல, சாய்ஞ்சு உக்காரல, மூச்சு கூட சத்தமா விடல. அப்படி ஒரு அடக்கம்! 'எப்படி வளத்தீங்க?'ன்னு மாமியார் என் கையைப் பிடிச்சுக்கிட்டா." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தவளாக, "கவுனும் பரவால்ல. உடம்புல வார்த்த மாதிரி நிக்குது. அவங்க வீட்டுலயும் ஒருத்திக்குத் தைக்கணுமாம், உன் பேரைச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

லரோனாவை மாப்பிள்ளை வீட்டு வேனில் ஏற்றினார்கள். படியில் கால் தூக்கும்போது அவள் உடம்பு பக்கவாட்டில் ஒரு மரப்பலகை போலத் திரும்பியது. செனோலோ ஒரு குவளையில் இஞ்சிப் பானத்தை ஊற்றிக்கொண்டு கூட்டத்தை இடித்து ஜன்னலுக்குப் போனாள். பானம் கொடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

"குடி."

லரோனா கையை நீட்டினாள். முழங்கை விலாவோடு கட்டிப் போட்டதுபோல நின்றது. விரல்கள் மட்டும் வந்தன, குவளை எட்டவில்லை. கருநீலச் சாயம் அவள் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறங்கியிருந்தது. செனோலோ குவளையை அவள் வாயருகே கொண்டு போனாள்.

"அக்கா," என்றாள் லரோனா, உதடு அசையாமல். "எப்ப கழட்டலாம்?"

அங்கே போனதும் என்று சொல்ல செனோலோ வாயெடுத்தாள். அங்கே போனதும் அந்த வீட்டுப் பெண்கள் பாய் விரித்து வைத்திருப்பார்கள். அவர்கள் தரப்புப் புத்தி, அவர்கள் தரப்புப் பாட்டு. முடிய விடிந்துவிடும்.

"அடடே, என்ன இது?" மாமியாரின் தங்கை வேனுக்குள்ளிருந்து கையை நீட்டிக் குவளையை மெல்லத் தள்ளினாள். கோபமில்லாத, சிரித்த முகம். "இன்னும் ஊட்டி விடுறியா? இனிமே எங்க வீட்டுப் பொண்ணும்மா அவ. நாங்க பாத்துக்குவோம்."

"அவளுக்குக் கவுன் கொஞ்சம்..."

"அழகா இருக்கு, அழகா இருக்கு" என்றாள் அவள். ஜன்னல் கண்ணாடி ஏறியது.

வேன் சேற்றில் ஒரு முறை வழுக்கி, பிறகு பிடித்துக்கொண்டு கிளம்பியது. கண்ணாடிக்குப் பின்னால் லரோனா தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள், நேராக, மிக நேராக. மறுபடி தூறல் விழுந்தது. எல்லா முற்றங்களிலிருந்தும் அந்தக் கூச்சல் எழுந்தது: பூலா, பூலா.

செனோலோ குவளையோடு தெருவில் நின்றாள். பானத்தில் மழைத்துளிகள் விழுந்தன. தையல் கூடத்துத் தொட்டி இந்நேரம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்.